சம்பூர் என்று எழுதிய வெள்ளிக்கிழமை

அண்மையில் நம் சட்ட அலுவலகத்துக்கு நீங்கள் புதியவர்களைத் தெரிவு செய்ததைப் பின்வரிசைக் கதிரையில் இருந்து பார்த்தேன். மூன்று பேர் கொண்ட குழு, ஆளுக்கொரு புள்ளித்தாள். ஆங்கிலத்துக்குப் பத்து, தோற்றத்துக்கு ஐந்து, "நெருக்கடியில் தீர்மானம் எடுக்கும் ஆற்றல்" என்ற ஒன்றுக்குப் பதினைந்து. அந்தப் பதினைந்தை எதை வைத்துப் போட்டீர்கள் என்று கேட்க வாய் துடித்தது. ஓய்வு பெற்ற ஒருத்தியை மரியாதைக்குக் கூப்பிட்டு இருத்தினால், அவள் பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டுப் போக வேண்டும் என்ற அளவுக்கு எனக்கும் இங்கிதம் தெரியும். குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகும் மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

போர்க்காலம் முழுவதும் எங்கள் கந்தோருக்கு ஆள் எடுத்தது நான்தான். எடுத்தவர்களில் யார் தேறினார்கள், யார் தேறவில்லை என்று என்னால் ஒவ்வொருவராகச் சொல்ல முடியும். ஒரேயொரு வருடத்துத் தெரிவு மட்டும் சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன். கடைசியில் எல்லாம் தெளிந்துவிடும் என்று நம்பி வாசிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே எழும்பிப் போகலாம், நான் கோபிக்க மாட்டேன்.

எங்கள் கந்தோர் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு மேல்மாடியில் இருந்தது. சீனியர் கிண்ணியாக்காரர், கப்பல் வழக்குகளில் பெயரெடுத்தவர். சாமான் இறக்கும்போது கால் நசுங்கிய தொழிலாளி, துறைமுகத்தில் கைவிடப்பட்ட மாலுமி என்று அவரிடம் வராத ஆள் இல்லை. சண்டை தொடங்கிய பிறகு கப்பல் வழக்குக் குறைந்து ஆள் வழக்குக் கூடியது. படையினர் பிடித்துக்கொண்டு போனவர்களைத் தேடி வந்த மனைவிமாரும் தாய்மாரும் காலையிலேயே எங்கள் படிக்கட்டில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள்.

வேலை கூடக் கூட ஆட்கள் குறைந்தார்கள். ஒருவர் கனடாவுக்குப் போனார், ஒருவர் கொழும்புக்குப் போனார், ஒருவர் எங்கே போனார் என்று சொல்லாமலே போனார். அப்போதுதான் சீனியர் கொழும்பின் பெரிய கந்தோர்களைப் பார்த்து ஒரு திட்டம் கொண்டுவந்தார். சட்டம் படிக்கும் பிள்ளைகளை விடுமுறையில் ஆறு கிழமை கூப்பிட்டு வைத்திருப்பது, பிடித்துப் போனால் படிப்பு முடிந்ததும் பயிலுநராக எடுத்துக்கொள்வது. கொழும்பில் இது விருந்தும் கடற்கரையுமாக நடக்கும் என்று கேள்விப்பட்டோம். எங்களிடமும் கடற்கரை இருந்தது. அதில் முட்கம்பி போட்டிருந்தார்கள்.

முதல் வருடம் வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, புத்தம்புதுத் தோல்பையோடு திங்கட்கிழமை காலை வந்து இறங்கினார். பதினொரு மணிக்குத் துறைமுகத்துத் தண்ணீருக்குள் வெடி போட்டார்கள். அடியில் நீந்தி யாரும் வந்துவிடாமல் இருக்க அந்த நாட்களில் நாள் முழுக்க அப்படிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். சாளரங்கள் அதிரும், தேநீர்க் கோப்பை சற்று நகரும், அவ்வளவுதான். நாங்கள் யாரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்தப் பிள்ளை மேசைக்குக் கீழே இருந்தார். ஏன் அங்கே இருக்கிறார் என்று எங்களுக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. பின்னேர பஸ்ஸுக்கே திரும்பிப் போய்விட்டார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒரு மாதம் சிரித்தோம். இது வழக்கமாகக் கேட்கிற சத்தம்தான், பயப்படாதீர்கள் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அடுத்தடுத்த வருடங்களில் வருகிறவர்கள் குறைந்தார்கள். நான் சொல்ல வந்த வருடத்தில் இரண்டே பேர் வந்தார்கள்.

ஒருவர் வாகீசன். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர், மூன்று மொழியிலும் மளமளவென்று எழுதுவார், எதைக் கேட்டாலும் சட்டப் பிரிவோடு பதில் வரும். கொஞ்சம் முந்திரிக்கொட்டை, ஆனால் நல்ல மனம். மற்றவர் தர்ஷினி. எங்கள் ஊரிலேயே லிங்கநகர்ப் பிள்ளை. அதிகம் கதைக்க மாட்டார். தகப்பன் இல்லை, கீழே இரண்டு தங்கச்சிமார் பள்ளிக்கூடம் போகிறார்கள். கொழும்பில் தங்கிப் பயிலுநர் காலத்தை முடிக்க வீட்டில் வசதியும் இல்லை, அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையைத் தனியாக அங்கே அறையெடுத்து விடத் தாய்க்குத் துணிவும் இல்லை. ஊரில் வேறு எந்தக் கந்தோரும் பெண்பிள்ளையைப் பயிலுநராக எடுக்கவில்லை. எங்களிடம் இடம் கிடைக்காவிட்டால் படித்த படிப்பை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான் என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். கெஞ்சவில்லை. நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

இடம் ஒன்றுதான் இருந்தது. ஆறாவது கிழமை முடிய இரண்டு பேரைப் பற்றியும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிச் சீனியரிடம் கொடுக்க வேண்டும். நான் எழுதுவதை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை.

இந்த இடத்தில் எங்கள் கந்தோரின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இது கேவலமாகத் தெரியலாம். எங்களிடம் வந்த சனத்தில் பாதிப்பேர் குடாவுக்கு அந்தப் பக்கம், இயக்கத்துப் போராளிகளின் கையில் இருந்த ஊர்க்காரர். ஆனால் எங்கள் சத்தியக்கடதாசிகளில் அந்த ஊர்கள் எதுவும் இருக்காது. சம்பூர்க்காரருக்கு லிங்கநகரில் ஒரு தமக்கை இருப்பா, இல்லாவிட்டால் நகரத்தில் ஒரு சித்தப்பா இருப்பார், அந்த வீட்டு முகவரிதான் மேல்வரியில் வரும். அங்கே அவர்கள் வந்து தங்குவதும் உண்மைதான், ஆகவே அது பொய்யில்லை. முழு உண்மை என்றும் சொல்ல ஏலாது. அந்தப் பக்கத்து ஊரின் பெயர் கடதாசியில் இருந்தால் பிணை கேட்டு நிற்கிற ஆளைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் டைப்பிஸ்டின் விரல்களுக்கே தெரியும். வந்தவர் சம்பூர் என்பார், அந்த மனுசியின் விரல்கள் லிங்கநகர் என்று அடிக்கும்.

ஐந்தாவது கிழமை வியாழக்கிழமை கமலா என்ற பெண் படியேறி வந்தார். அவருடைய கணவர் சிவபாதம் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் தொழிலாளி. கிழமை நாட்களில் லிங்கநகரில் தமக்கை வீட்டில் தங்குவார், ஓய்வு நாட்களில் பயண அனுமதிப் பாஸோடு மூதூர் லோஞ்சுப் படகு பிடித்துச் சம்பூருக்குப் போய் மனைவி பிள்ளைகளைப் பார்ப்பார். அந்தக் கிழமை லோஞ்சடியில் வைத்துப் பிடித்துவிட்டார்கள். எதற்கு என்று தெரியாது. எங்கே வசிக்கிறாய் என்று கேட்டபோது லிங்கநகர் என்று சொன்னாராம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்று தகவல். அன்றைக்கு விடுவிக்காவிட்டால் தெற்கே ஒரு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்களை எங்கள் கைக்குத் திரும்ப எடுக்க மாதக் கணக்கில் ஆகும், சிலரை எடுக்கவே முடிந்ததில்லை. ஆகவே கடதாசி வெள்ளி காலையிலேயே நீதவான் முன்னால் இருக்க வேண்டும்.

வெள்ளி காலை எங்கள் டைப்பிஸ்ட் வரவில்லை. அவர் வீட்டுப் பக்கம் இராணுவச் சுற்றிவளைப்பு. எனக்கு ஒன்பது மணிக்கு வேறொரு வழக்கு. கமலாவை வாகீசனிடமும் தர்ஷினியிடமும் ஒப்படைத்து, இரண்டு பேருமாகக் கேட்டு எழுதி, அடித்து, கமலாவைச் சத்தியம் செய்வித்துப் பதினொரு மணிக்கு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு ஓடினேன்.

சொன்னபடி கொண்டுவந்தார்கள். தர்ஷினிதான் நடைபாதையில் என்னிடம் தாள்களை நீட்டினார். "மிஸ், ஒரு விசயம்" என்று தொடங்கினார். உள்ளே எங்கள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் "பிறகு" என்றேன். சுவரில் வைத்து, கடைசித் தாளைத் திருப்பி, கையெழுத்து வைத்தேன். மேல்வரியை நான் வாசிக்கவில்லை. மேல்வரி எங்கள் கடதாசிகளில் எப்போதும் ஒன்றாகத்தான் இருக்கும்.

மறுபக்கப் பொலிஸ் அதிகாரி எழும்பி அந்த மேல்வரியை வாசித்தார். சம்பூரில் வசிக்கும் சிவபாதம். பிறகு தன் குறிப்பைப் பார்த்தார். பிடிபட்ட நேரத்தில் இந்த ஆள் லிங்கநகர் என்று சொன்னவர், அவருடைய சட்டத்தரணியே இன்றைக்குச் சம்பூர் என்கிறார், ஆகவே முதலில் சொன்னது பொய், என்ன மறைக்கிறார் என்று விசாரிக்க வேண்டும் என்றார். நீதவான் என்னைப் பார்த்தார். பதினெட்டு வருடம் நீதிமன்றத்தில் நின்றவள், என் சொந்தக் கடதாசியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நின்றேன். தெற்கே அனுப்பக் கூடாது என்று கேட்டு அதை மட்டும் வாங்கினேன். இரண்டு கிழமை தடுத்து வைத்து விசாரிக்கக் கட்டளையானது. சிவபாதத்தைக் கொண்டுபோகும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கமலாவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கந்தோருக்கு வந்து சேரும்வரைக்கும் எனக்குள் ஒரே ஒரு எண்ணம்தான். ஊர்ப்பிள்ளை இதை எழுதியிருக்காது. வெள்ளவத்தையில் இருந்து வந்த ஒருவர்தான் நிரந்தர முகவரி என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதியிருப்பார். வாகீசனை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினேன். அதுவரை "நீங்கள்" என்று கதைத்துக்கொண்டிருந்தவள் "நீர்" என்று இறங்கினேன். "இது வெள்ளவத்தை இல்லை. உம்மட சட்டப் புத்தகத்தை நம்பி ஒரு மனுசன் உள்ள போயிட்டான்" என்றேன். அவர் ஒரு கணம் தர்ஷினியின் பக்கம் பார்த்தார். பிறகு "சொறி மிஸ்" என்றார். தர்ஷினி வெளிறிப்போய் நின்றார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு கிழமை மிச்சம் இருந்தும், அன்று பின்னேரமே இரண்டு பக்கங்களையும் எழுதிச் சீனியரின் மேசையில் வைத்தேன். தர்ஷினியை எடுக்கலாம். வாகீசன் கெட்டிக்காரர், இந்த இடத்துக்குப் பொருந்தாதவர்.

சனிக்கிழமை காலை தர்ஷினி என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மிஸ், சம்பூர் எண்டு அடிச்சது நான். வாகீசன் இல்ல."

ஏன் என்று கேட்டேன்.

"லோஞ்சுப் பாஸ் அவற்ற சேட்டுப் பொக்கற்றுக்குள்ள இருந்தது எண்டு கமலாக்கா சொன்னவ. அதில சம்பூர் எண்டுதான் கிடக்கும். பாஸ் அவங்கட கையில இருக்கேக்க நாங்க லிங்கநகர் எண்டு எழுதினா, நாங்களும் சேந்து மறைச்ச மாதிரி ஆகும். அதைத்தான் உங்களிட்டச் சொல்ல வந்தனான்."

நான் "பிறகு" என்று சொன்னதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் கூடச் சுட்டது. நேற்று ஏன் பேசாமல் நின்றீர்கள் என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார். "பயந்திட்டன் மிஸ். இடம் போயிடும் எண்டு பயந்திட்டன்" என்றார்.

திங்கட்கிழமை வாகீசனைத் தனியே கூப்பிட்டு, தர்ஷினி சொன்னதைச் சொன்னேன். அவர் அசையவில்லை. எந்த ஊரைப் போடுவது என்று தர்ஷினி தன்னிடம் கேட்டதாகவும், உண்மையைப் போடும்படி தானே சொன்னதாகவும், ஆகவே பிழை தன்னுடையது என்றும் சொன்னார். தர்ஷினியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தான் அவரைக் கேட்கவேயில்லை என்றார். அவர் பொய் சொல்கிறார் என்றார் ஒருவர், அவ பொய் சொல்கிறா என்றார் மற்றவர். இரண்டு பேரும் என் முகத்துக்கு நேரே பார்த்துத்தான் சொன்னார்கள். பிழையை மற்றவர் தலையில் கட்டும் சாட்சிகளை நான் ஆயிரம் பேரைக் கண்டிருக்கிறேன். தன் தலையில் கட்டச் சொல்லிப் பொய் சாட்சி சொல்கிற ஆளை, அதுவும் ஒரே அறையில் இரண்டு பேரை, அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. எப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு இப்போது என்ன தோன்றுகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் வாகீசன் பிற்பாடு கொழும்பில் ஒரு டொக்டரைக் கட்டினார், தர்ஷினி இங்கே ஒரு கணித வாத்தியாரைக் கட்டினார். இரண்டு கலியாணத்துக்கும் போய்ச் சோறு சாப்பிட்டு, முகங்களையும் நன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அன்று பத்து மணிக்குச் சீனியர் என்னைக் கூப்பிட்டார். நான் எழுதிய இரண்டு பக்கங்களும் அவர் முன்னால் இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தத் தம்பி சரிவராதா?" என்று கேட்டார். அவருக்கு வாகீசனில் ஒரு பிடிப்பு இருந்தது, குரலில் தெரிந்தது.

சொல்வதற்கு எனக்கு அந்த நேரம் இருந்தது. யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை, ஆனால் வாசிக்காமல் கையெழுத்து வைத்தது நான் என்று ஒரு வசனம் போதும். அப்படிச் சொன்னால் தர்ஷினியின் பெயர் வரும். சீனியருக்கு அந்த முகவரிப் பழக்கம் உயிர். ஊர்ப்பிள்ளையே மீறியது என்று தெரிந்தால் இடத்தைக் கொடுக்க மாட்டார், அந்தப் பிள்ளையின் படிப்பு அத்தோடு முடிந்துவிடும். வாகீசனுக்குக் கொழும்பில் நாலு கதவு திறந்திருக்கிறது. இப்படியெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டேன்.

"சரிவராது சேர்" என்றேன்.

அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று கன காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். என்னைக் காப்பாற்றிக்கொண்டதும் உண்மை. இதில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க என்னால் ஏலவில்லை.

வாகீசன் அந்தக் கிழமையோடு போனார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, என்னிடமும் வந்து நன்றி சொன்னார். நான் அவருக்குக் கை கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

ஆறு கிழமை முடிந்த பிறகும் தர்ஷினி கந்தோருக்கு வந்துகொண்டிருந்தார். இரண்டு கிழமை கழித்துச் சிவபாதத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை அதிகாரியின் வழக்குக் கோவைக்குள் லோஞ்சுப் பாஸ் இருந்தது. தர்ஷினி சொன்னபடியே அதில் சம்பூர். நீதவான் பாஸையும் எங்கள் கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாஸ் வெளியில் வருவதற்கு முன்னமே சட்டத்தரணி இதே ஊரைச் சொல்லியிருக்கிறார், மறைக்க நினைத்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்றார். விடுவித்தார். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. தர்ஷினியின் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அவர் கமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கத் தேவையில்லை. வெளியே வரும்போது அந்த அதிகாரி என்னோடு சேர்ந்து படியிறங்கினார். மோசமான ஆளில்லை, அரைகுறைத் தமிழில் பகிடியாகக் கதைப்பார். முதல் வெள்ளிக்கிழமை அந்தக் குறிப்பைத் தவிரத் தன் கையில் ஒரு கோவையும் வந்து சேரவில்லை என்றார். பாஸ் இருந்தது தனக்கே தெரியாதாம். நீங்கள் லிங்கநகர் என்று போட்டிருந்தால் நான் எழும்பியே இருக்க மாட்டேன், அன்றைக்கே விட்டிருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். உண்மையாகச் சொன்னாரா, என்னை வதைக்கச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் சிவபாதமும் கமலாவும் கந்தோருக்கு வந்தார்கள். "ஊர் பேர் சரியா எழுதினபடியாத்தான் என்ட மனுசனை விட்டவங்க" என்று கமலா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிவபாதம் கதிரையின் நுனியில் இருந்தார். தேநீரை இடக்கையால் வாங்கினார். வலக்கையில் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. அந்த இரண்டு கிழமைக்குள் நடந்தது அது. எப்படி என்று நான் கேட்கவில்லை. அதன்பிறகு அவரால் மூட்டை பிடிக்க ஏலவில்லை. கமலாவின் நன்றியை வாங்கவும் தெரியாமல், இல்லையம்மா என்று மறுக்கவும் தெரியாமல் நான் நின்றேன். தர்ஷினி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு குசினிக்குள் போய்க் கன நேரம் கோப்பைகளைக் கழுவினார்.

இளையவர்களுக்கு எழுதுகிறபோது ஒரு பாடத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பார்கள். நானும் முயன்று பார்த்தேன். கையெழுத்து வைக்க முன் வாசியுங்கள் என்று சொல்லலாம், அது தபால்காரருக்கும் தெரியும். நீங்கள் சொல்லாமலே பழகிவிட்ட விசயங்களைப் புதியவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லலாம். ஆனால் நான் அப்படிச் சொல்லியிருந்தால் தர்ஷினி யோசிக்காமல் லிங்கநகர் என்று அடித்திருப்பார். அதற்குப் பிறகு பாஸ் வெளியில் வந்திருந்தால்? உண்மையை எழுதினால் ஒன்றும் வராது என்று சொல்லலாம். அதைச் சிவபாதத்தின் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வராது. யோசித்து எழுதிய ஒருவரை எடுத்தேன், யோசித்துப் பழியேற்ற ஒருவரை அனுப்பினேன். அல்லது நேர்மாறாக. உங்கள் புள்ளித்தாளில் இதற்கு எந்தப் பெட்டி என்று எனக்கு விளங்கவில்லை.

வாகீசனைப் பற்றி நான் எழுதிய பக்கத்தைத் திருத்தவில்லை. சீனியர் காலமாகும்வரை அவரிடம் சொல்லவும் இல்லை. எத்தனையோ நாள் அவர் அறைக் கதவுவரை போயிருக்கிறேன். வேறு ஏதாவது கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

தர்ஷினி எங்களிடம் பயிலுநராக இருந்து, சட்டத்தரணியாகி, நான் ஓய்வு பெறும்வரை என் பக்கத்து மேசையில் இருந்தார். உங்களில் பலருக்கு இன்று அவர்தான் சீனியர். பயிலுநராக வந்த முதல் கிழமையிலிருந்து அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நான் கையெழுத்து வைக்க வேண்டிய தாளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கையெழுத்து விழும் இடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். நான் மேல்வரியை வாய்விட்டு வாசித்த பிறகுதான் கையை எடுப்பார். ஏன் என்று அவர் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. மற்றவர்கள் அதை ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளன்று கடைசியாக ஒரு சத்தியக்கடதாசி இருந்தது. மூதூரில் ஒரு காணித் தகராறு. அறையில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும். தாளை வைத்தார், கையை வைத்தார். இனிக் கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது.

"தர்ஷினி, உண்மையைச் சொல்லும். அண்டைக்குச் சம்பூர் எண்டு எழுதினது நீரா, வாகீசனா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இவ்வளவு வருடம் கழித்தும் இதையா கேட்கிறீர்கள் என்பது போல ஒரு சலிப்பு மட்டும் இருந்தது.

"கையெழுத்து வைச்சது நீங்கள்தானே மிஸ்" என்றார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேல்வரியை வாசிக்கத் தொடங்கினேன்.